ஒரு சூட், இரண்டு டை

ஜப்பானில் ஆண்பிள்ளைக்கு ஒரே ஒரு கறுப்பு சூட் போதும். கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். மாறுவது டை மட்டும். கல்யாணம் என்றால் வெள்ளை டை. இப்போது வெள்ளிச் சாம்பல் நிறத்திலும் கட்டுகிறார்கள். சாவு என்றால் கறுப்பு. கோடு இருக்காது, புள்ளி இருக்காது, மினுமினுப்பும் இருக்காது. இந்த மனிதர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்பதை ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு முழத் துணி சொல்லிவிடும். கறுப்பு டைக்காரர் பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கவாசாகி அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவுத் தலைவர் ஒருநாள் தன் இழுப்பறையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்துத் தரச் சொன்னார். முத்திரைக் கட்டை, சிவப்பு மை டப்பா, இருமல் மிட்டாய். எல்லாவற்றுக்கும் அடியில் தட்டையான பிளாஸ்டிக் உறை ஒன்று, அதற்குள் மடிப்புக் கலையாத கறுப்பு டை. பிறகுதான் கவனித்தேன், அந்தத் தளத்தில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலர் லாக்கரிலோ மேஜையிலோ இப்படி ஒன்று வைத்திருந்தார்கள்.

அதை அவர் வெளியே எடுத்து நான் பார்த்தது ஒரு மழைக்கால மாலையில். எங்கள் பிரிவில் ஓர் இளைஞனுடைய தகப்பனார் முந்தின இரவு இறந்துபோய், அன்று மாலையே ட்சுயா என்று மதியம் தகவல் வந்தது. தகனத்துக்கு முந்தின இரவில் சொந்தமும் நட்பும் கூடியிருக்கும் சடங்கு அது. தலைவர் ஜன்னல் கண்ணாடி முன்னால் நின்று நீலப் புள்ளி டையைக் கழற்றினார். டை கிளிப்பையும் கழற்றிப் பையில் போட்டார். கறுப்பு டைக்கு முடிச்சுப் போட்டு இறுக்கியபின், முடிச்சுக்குக் கீழே விழுந்த சின்னக் குழியைக் கட்டைவிரலால் நீவித் தட்டையாக்கினார். மற்ற நாட்களில் அந்தக் குழி சரியாக விழவேண்டும் என்றுதான் ஆண்கள் கண்ணாடி முன் மெனக்கெடுவார்கள். டைக்கு அழகே அந்தக் குழிதான். சாவு வீட்டில் அந்த அழகு வேண்டாம் என்பது அங்கே வழக்கம். இரண்டு விநாடி வேலை. அதற்குள் அவர் முகமே வேறாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது.

எனக்குக் கறுப்பு டையை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோன்பினிக் கடையில் வாங்கிக் கொடுத்தார்கள். நடுராத்திரியில் போனாலும் அங்கே கறுப்பு டை கிடைக்கும். கறுப்புக் காலுறையும், பணம் வைத்துக் கொடுக்கும் துக்க உறையும் அதே வரிசையில் தொங்கும். அந்தப் பணத்துக்குப் பெயர் கோடென். உறைமேல் பெயரை நீர்த்த மையால் எழுதுவார்கள். மையில் கண்ணீர் விழுந்து கரைந்துவிட்டதாம், அதனால் எழுத்து வெளிறியிருக்கிறதாம். உள்ளே வைக்கும் நோட்டு புதிதாக இருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு வங்கியில் போய்ச் சலவை நோட்டு வாங்குகிற அதே மனிதர்கள் இதற்குப் பழைய நோட்டு தேடுவார்கள். புது நோட்டு வைத்தால் இந்தச் சாவை எதிர்பார்த்துத் தயாராக இருந்ததாக ஆகிவிடும் என்பது கணக்கு. அந்தக் காலத்தில் ட்சுயாவுக்கு முழுத் துக்க உடையில் போவதையே இதனால்தான் தவிர்ப்பார்களாம். கேள்விப்பட்டதும் போட்டது போட்டபடி ஓடிவந்தேன் என்று காட்ட வேண்டும். வேலையிலிருந்து நேராக வருகிறவர் சாதாரண அடர்நிற சூட்டோடு டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தால் இன்றும் யாரும் குறை சொல்வதில்லை.

மண்டபத்தில் வரிசையாக நின்றோம். தூள் சாம்பிராணியை மூன்று விரலால் எடுத்து, நெற்றிக்கு உயர்த்தி, தணலில் போட வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சடங்குகளுக்கென்றே சாயம் ஏற்றிய சூட்டின் கறுப்பு வேறு. அதன் பக்கத்தில் நின்றால் அலுவலகத்துக் கறுப்பு சூட் சாம்பல் பூத்தது போலத் தெரியும். அப்படிப்பட்ட கறுப்புக்கு மேல் இன்னொரு கறுப்பாக டை விழும்போது, கண்ணுக்கு மிஞ்சுவது வெள்ளைச் சட்டையின் சின்ன முக்கோணமும் முகமும் மட்டும்தான். யார் பணக்காரர், யார் கீழே வேலை செய்பவர் என்று ஒன்றும் தெரியாது. கிளம்பும்போது கையில் ஒரு சிட்டிகை உப்புப் பொட்டலம் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் மேலே தூவிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போய்வந்தவன் குளிக்காமல் வாசற்படி தாண்டினால் ஆச்சி விடமாட்டாள். அந்த உப்புப் பொட்டலத்தைப் பார்த்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது.

தயாராக இருந்ததாகத் தெரியக் கூடாது என்றால் இழுப்பறையில் எதற்கு டை? திரும்பும் ரயிலில் தலைவரிடம் இதைக் கேட்டேன். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அந்த ஒன்றரை மணி நேரம் அந்தப் பையன் பக்கத்தில் இருக்கலாமே என்றார்.

ஜப்பானிலும் துக்கத்தின் நிறம் முன்பு வெள்ளைதான், நம்மைப் போலவே. மெய்ஜி காலத்தில், 1868க்குப் பிறகு, ஐரோப்பிய நடையுடை அரசாங்க வழியாக உள்ளே வந்தபோது கூடவே இந்தக் கறுப்பும் வந்தது. ஐரோப்பாவில் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் விக்டோரியா மகாராணி. கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்தார். 1901ல் தான் சாகும்வரை அவர் கறுப்பை விடவில்லை. பளபளப்பே இல்லாத கிரேப் துணி, கைப்பட்டை, தொப்பிப் பட்டை, கறுப்பு ஓரம் போட்ட கடிதத் தாள் என்று துக்கத்துக்கு ஒரு முழு அலமாரியே அங்கே இருந்தது. கோர்ட்டால்ட்ஸ் என்ற நெசவு நிறுவனம் அந்தக் கிரேப்பை நெய்தே பெரும்பணம் சேர்த்தது. 1910ல் ஏழாம் எட்வர்ட் இறந்த அடுத்த மாதம் ஆஸ்காட் குதிரைப் பந்தயத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் கறுப்பில் வந்தது. முதல் உலகப்போரில் சாவு வீட்டுக்கு வீடு வந்தபின் அந்த அலமாரி ஒவ்வொன்றாகக் காலியானது. ஆண்களிடம் கடைசியில் தங்கியது டை ஒன்றுதான்.

அது எவ்வளவு கனமானது என்பதை 2002ல் பிரிட்டனே பார்த்தது. ராணி எலிசபெத்தின் தாயார் இறந்த செய்தியைப் பிபிசியில் வாசித்த பீட்டர் சிசன்ஸ் அடர்சிவப்பு டை கட்டியிருந்தார். அதற்காகப் பத்திரிகைகள் நாள்கணக்கில் சண்டை போட்டன. இருபது வருஷம் கழித்து, 2022 செப்டம்பர் 8 அன்று, ராணியின் உடல்நிலை பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்த பிற்பகலிலேயே பிபிசியில் கறுப்பு டை வந்துவிட்டது. அரண்மனை மரணத்தை அறிவித்தது மாலையில். அதே வருஷம் ஜூலை 12 அன்று, முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபேயின் இறுதிச் சடங்கு நடந்த நாள், டோக்கியோவில் ஸோஜோஜி கோயிலைச் சுற்றிய தெருக்களில் கறுப்பு டைக்காரர்களையும், அவர்களுக்கு நடுவே அரைக்கை சட்டையில் வியர்த்து நின்றவர்களையும் தொலைக்காட்சியில் பார்த்தேன். எங்கள் தலைவர் ஓய்வுபெற்று வெகுநாள் ஆகியிருந்தது. இப்போது என் இழுப்பறையிலும் ஒன்று இருக்கிறது, அதே மாதிரித் தட்டையான உறையில்.

இத்தனைக்கும் எங்கள் குடும்பத்தில் கறுப்பு டை சோறு போட்ட பொருள். பெரியப்பா அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். உயர் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் வக்கீல்கள் கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும். அதற்குக் கீழே உள்ள கோர்ட்டுகளில் பட்டைக்குப் பதில் கறுப்பு டை கட்டலாம் என்று பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. பெரியப்பா முடிச்சை அவிழ்த்து நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் வந்ததும் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றிக் காலண்டர் ஆணியில் மாட்டுவார். காலையில் தலைவழியாகவே மாட்டி இறுக்குவார். முடிச்சுக்குப் பின்பக்கம் வியர்வை உப்புக் காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். பெரியம்மா ஈரத்துணியால் அதைத் துடைப்பாள். அந்த டைக்குத் துக்கம் என்ற ஒன்று தெரியாது. ஊரில் சாவு விழுந்தால் பெரியப்பா அதையும் கோட்டையும் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியும் தோளில் துண்டுமாகத்தான் போவார்.

நம்மிடம் கறுப்புக்கு எத்தனையோ வேலை. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார்கள் கறுப்பு வேட்டி கட்டுவார்கள். பெரியாரின் தொண்டர்களுக்கு 1940களிலிருந்து கருஞ்சட்டை. சமூகத்தின் இழிவு தீராதவரை அதுதான் உடுப்பு என்று அணிந்தார்கள், கழகக் குடும்பங்களில் கல்யாண மேடையிலேயே கருஞ்சட்டை நிற்கும். அதில் ஒரு காரணம் இருக்கிறது, மனமறிந்து அணிகிறார்கள். அதை நான் மதிக்கிறேன்.

இதெல்லாம் மனதில் ஓடியது அக்கா மகன் அனுப்பிய போட்டோவால். திருநெல்வேலியில் அவனுக்கு ரிசப்ஷன். கருநீல சூட், வெள்ளைச் சட்டை, ஒடிசலான கறுப்பு டை. நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கருநீலத்தின் மேல் கறுப்பு என்பது மாலை வெளிச்சத்துக்கு அருமையான சேர்க்கை. இந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். 1980ல் ‘தி ப்ளூஸ் பிரதர்ஸ்’, 1992ல் ‘ரிசர்வாயர் டாக்ஸ்’, 1997ல் ‘மென் இன் பிளாக்’ என்று சினிமா அந்தக் கறுப்பு சூட்டையும் டையையும் முறைப்பின் அடையாளமாக்கியது. 2000க்குப் பிறகு டியோர் ஓம் நிறுவனத்தில் எடி ஸ்லிமான் அதை இன்னும் ஒல்லியாக்கி மேடை ஏற்றினார். அங்கிருந்து பாட்டுக்காரர்கள், நடிகர்கள், விருது விழாக்கள். கடைசியில் நம் ஊர் ஜவுளிக்கடையின் மாப்பிள்ளைப் பிரிவு வரை வந்துவிட்டது.

“மாமா, அம்மா கறுப்பு ஆகாதுங்காங்க. நீங்க ஜப்பான்ல இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க” என்றான்.

அக்கா சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு. எனக்கு நல்ல நாள், ஆகாத நிறம் என்ற கணக்கெல்லாம் இல்லை. ஒரு நிறம் ஓர் இடத்துக்கென்று ஒதுங்கி இருந்தால்தான் அந்த இடத்தில் அதற்குப் பேச வாய் இருக்கும். எல்லா விருந்துக்கும் கறுப்பு டை கட்டிப் பழகிய கழுத்து சாவு வீட்டில் போய் நிற்கும்போது, “உனக்காக என்னைச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்” என்று எதைக்கொண்டு சொல்லும்? அந்த மழைக்கால மாலையில் எங்கள் தலைவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. தகப்பனை இழந்த அந்த இளைஞன் மண்டப வாசலில் அவர் முகத்தைப் பார்த்தான், அடுத்து டையைப் பார்த்தான், குனிந்து வணங்கினான். அவன் தோள் அப்போதுதான் குலுங்க ஆரம்பித்தது.

இதை அக்கா மகனிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி மாமா, அப்போ என்ன கலர்?” என்றான்.

“கல்யாணம்யா மாப்ளே, நிறமா கட்டு” என்றேன்.

ஃபூஜி மலை அடிவாரத்தில் ஃபுஜியோஷிதா என்று ஓர் ஊர். டைக்கான பட்டு நெய்வதில் பேர்போன இடம். அங்கே நெய்த மெரூன் டை ஒன்றை வாங்கிப் போன வாரம் பார்சல் அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், அதே மெரூன் கரை போட்ட பட்டு எடுக்கப் போகிறாளாம் அக்கா.