கோதுமை நுழையாத சமையலறை

இட்லி, தோசை, சோறு, ரசம் என்று அரிசியை நம்பி வாழும் வீடு. அந்த வீட்டுக் குழந்தைக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்னால் என்ன தோன்றும்? 'சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட்டை நிறுத்திட்டா போச்சு' என்றுதானே! மதுரையில் வசிக்கும் அந்தக் குடும்பமும் அப்படித்தான் நினைத்தது. விஷயம் அத்தனை சுலபமில்லை என்று புரிய ஆறு மாதங்களுக்கு மேல் ஆனது.

வீட்டின் மூத்த குழந்தைக்கு அப்போது ஏழு வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் மளமளவென்று வளர, இவள் மட்டும் அப்படியே நின்றாள். கை கால் குச்சி குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் உப்பியிருக்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. மாதக்கணக்கில் இரும்புச்சத்து டானிக் குடித்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். 'பிள்ளை சவலையா இருக்கே' என்று காலையும் மாலையும் மால்ட் சேர்த்த சத்து பானம் கொடுத்தார்கள். மால்ட் என்பது பார்லியிலிருந்து வருவது. உடம்பைத் தேற்றக் கொடுத்ததே உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு குடல் நோய் மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று உறுதியானது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்கத் தொடங்கிவிடும். சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே வைத்தியம். தவிர்த்தால் குடல் மெள்ள மெள்ளத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

நம் பக்கத்தில் இது எளிதில் கண்டுபிடிக்கப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. தென்னிந்தியாவில் சுமார் 1,000 பேரில் ஒருவருக்குத்தான். இதற்கான மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபட்டது, சாப்பிடும் கோதுமையின் அளவு.

'கொஞ்சூண்டு தின்னா என்ன?'

சப்பாத்தி நின்றது, பிஸ்கட் நின்றது, சத்து பானம் நின்றது. ஆனால், அப்பத்தா ஒருநாள் பேத்திக்கு ரவை உப்புமா கிண்டினார். மருமகள் பதறிப்போனார். "ரவையில ஏதும்மா கோதுமை? அது வெள்ளையால்ல இருக்கு!" என்றார் அப்பத்தா. ரவை, மைதா, சேமியா மூன்றுமே கோதுமைதான் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

தெரிந்த பிறகும் மனசு கேட்கவில்லை. "கொஞ்சூண்டு தின்னா என்ன ஆயிரும்? எங்க காலத்துல இப்படி ஒரு நோவு இருந்துச்சா?" என்று மகனிடம் கேட்டார். இருந்தது; பெயர்தான் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டிக்கு வழியில்லாத அந்த நாள்களில், இந்த நோய் உள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று முன்பிருந்தே சந்தேகப்பட்ட வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், 1950-ல் தன் ஆய்வில் அதை நிறுவினார். மகன் இதைச் சொன்னபோது அப்பத்தா பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பெருங்காய டப்பா

ஆறு மாதம் கழித்து மறு பரிசோதனை. ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு குறைந்திருந்தது. ஆனால், டாக்டர் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்று வலியும் விட்டபாடில்லை. "எங்கிருந்தோ கோதுமை உள்ள போகுதும்மா. வீட்டுல தேடுங்க" என்றார் அவர்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஒரு பொருளில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரே ஒரு சப்பாத்தியிலேயே குளூட்டன் கிராம் கணக்கில் இருக்கும். அப்படியென்றால், மாவுத் தூசிகூடக் கணக்கில் வரும்.

அம்மா அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் இறக்கி, பொடி எழுத்தை செல்போனில் பெரிதாக்கிப் படித்தார். முதலில் சிக்கியது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பெருங்காயம் கொஞ்சம்தான்; மீதி பெரும்பாலும் பிசினும் மைதாவும். தினமும் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் அது குழந்தையின் தட்டுக்குப் போயிருக்கிறது! அதே பெருங்காயம் கடை சாம்பார் பொடியிலும் அப்பளத்திலும் ஊறுகாயிலும் வரும். அரிசி மாவு சேர்த்துத் தயாரிக்கும் பெருங்காயமும் உண்டு என்பதைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கினார்கள்.

அடுத்தது தெருமுனை மாவு மில். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே மெஷினில்தான் இவர்களின் மிளகாயும் மல்லியும் கேழ்வரகும் அரைபட்டன. செலவைப் பார்க்காமல் வீட்டுக்கே சின்ன மாவு மெஷின் வாங்கினார்கள். வாரம் ஒருநாள் அப்பாவுக்கு அரைக்கும் வேலை.

தாத்தாவின் சப்பாத்தி

மூன்றாவதுதான் சிக்கல். தாத்தாவுக்குச் சர்க்கரை. பல வருடங்களாக ராத்திரி மூன்று சப்பாத்தி. மாவு பிசையும்போது பறக்கும் தூசி மேடையெங்கும் படியும். சப்பாத்தி போட்ட கல்லிலேயே பேத்திக்குத் தோசை. முதலில் தனிக் கல், தனிக் கரண்டி, தனிச் சல்லடை என்று பிரித்துப் பார்த்தார்கள். அவசரத்தில் கரண்டி மாறியது. சண்டைதான் மிச்சம்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று மருமகள் பல நாள் தயங்கினார். வயதான மனிதர், அவருக்கும் அது வைத்தியம்தானே? கடைசியில் தாத்தாவின் சர்க்கரை டாக்டரிடமே போய்க் கேட்டார்கள். சப்பாத்தியில் மந்திரம் எதுவும் இல்லை. எதைச் சாப்பிட்டாலும் அளவுதான் முக்கியம் என்றார் அவர். அன்று ராத்திரியிலிருந்து தாத்தாவுக்கு அளவாகக் கம்பு அடையும் நிறைய காயும். "சப்பாத்தி தின்னு தின்னு எனக்கும் சலிச்சுப்போச்சுத்தா" என்றார். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே சட்டம்: வாசற்படிக்குள் கோதுமை இல்லை, வெளியே அவரவர் விருப்பம். அப்பாவும் தம்பியும் எப்போதாவது பரோட்டாக் கடைக்குப் போவார்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் கை, வாய் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், தம்பிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கு இல்லை. கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் முடிவு தவறாகக்கூடும் என்பதால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

விலை கூடிய 'குளூட்டன் ஃப்ரீ' பாக்கெட்டுகளை இவர்கள் அதிகம் நம்புவதில்லை. இடியாப்பம், ஆப்பம், பணியாரம், கேழ்வரகுப் புட்டு, தினைப் பொங்கல் என்று வாரம் ஓடிவிடுகிறது. பள்ளிக்கூடம்தான் இன்னும் கஷ்டம். யாருக்காவது பிறந்தநாள் என்றால் வகுப்பில் கேக் வரும். அதற்காகவே டீச்சரிடம் ஒரு டப்பா கடலை மிட்டாய் கொடுத்து வைத்திருக்கிறார் அம்மா. ஆனாலும், 'எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?' என்ற கேள்வி மாதம் ஒருமுறையாவது வரும். அதற்குச் சரியான பதில் அம்மாவிடம் இல்லை. மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வார்.

அடுத்த பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. போன வருடத்து யூனிஃபார்ம் இந்த வருடம் பத்தவில்லை. புதிதாகத் தைக்கக் கொடுத்த அன்று, அந்தச் செலவுக்காக வீடே சந்தோஷப்பட்டது.

சமீபத்தில் உறவில் ஒரு கல்யாணம். குழந்தைக்குச் சாப்பாடு கேரியரில் வீட்டிலிருந்தே போனது. ஆனால், பந்தி தொடங்கும் முன்பே அப்பத்தாவைக் காணோம். மண்டபத்துச் சமையற்கட்டில், சமையல் மாஸ்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "ஏப்பா, சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போட்ட? அந்த டப்பாவை எடு, பார்ப்போம்!"