மாப்பிள்ளைப் பெஞ்சு

2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை ஓர் அறிவுரை அனுப்பிற்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பெஞ்சு போடுவதை விடுத்து, 'ப' என்னும் எழுத்தின் வடிவிலே வகுப்பறை இருக்கைகளை அமைத்துப் பாருங்கள் என்பது அதன் சாரம். மலையாளப் படமொன்று கடைசிப் பெஞ்சு மாணவனின் மனக்குறையைக் காட்டிற்றாம். கேரளப் பள்ளிகள் சில அதைக் கண்டு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டனவாம். அந்த அலை நம் எல்லைக்குள்ளும் வந்தது. வந்த வேகத்திலே எதிர்ப்பும் எழுந்தது. பக்கவாட்டில் அமரும் பிள்ளை கரும்பலகையைப் பார்க்க நாள் முழுதும் கழுத்தைத் திருப்ப வேண்டுமே, வலிக்காதா என்று கேட்டனர். சின்னஞ்சிறு அறையில் அத்தனை பேருக்கு இடமேது என்றும் கேட்டனர். அறிவுரை நிறுத்தி வைக்கப்பட்டது.

கழுத்து வலிக்கும் என்பது மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்தபோது நமக்கு வேறொரு வலி நினைவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

நாம் படித்தது செஞ்சிச் சீமையிலே, அவலூர்பேட்டைச் சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்லும் வழியிலிருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில். பள்ளியின் பெயர் வேண்டாம். அதைப் போன்றவை ஆயிரம். அன்று அந்த வட்டாரம் தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-இல். ஓட்டுக் கூரை, ஒரு பக்கம் கம்பியில்லாச் சன்னல், காலாடும் பெஞ்சுகள். ஆறாம் வகுப்பின் முதல் நாள் ஆசிரியர் வந்தார். "எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்" என்றார். என்னே தாராளம்! நாங்கள் உட்கார்ந்தோம்.

எப்படி உட்கார்ந்தோம், தெரியுமா? முதல் இரண்டு பெஞ்சுகளில் மணியக்காரர் வீட்டுப் பிள்ளையும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும். நடுவிலே உழவர் தெருப் பிள்ளைகளாகிய நாங்கள். கடைசிப் பெஞ்சில் சேரிப் பிள்ளைகள். யாரும் ஏவவில்லை, கோடு கிழிக்கவில்லை, பலகை எழுதி மாட்டவில்லை. ஆற்று நீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல், அவரவர் அவரவர் இடத்திற்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் எப்படிக் கட்டப்பட்டிருந்ததோ, அப்படியே எங்கள் வகுப்பும் கட்டப்பட்டிருந்தது. நடுவே ஓடை ஒன்றுதான் இல்லை.

கடைசிப் பெஞ்சுக்கு நம் நாட்டில் 'மாப்பிள்ளைப் பெஞ்சு' என்று பெயர். குறும்பு செய்வோரும், வயதுக்கு மீறி வளர்ந்தோரும், ஆசிரியர் கண்ணுக்குத் தப்பி அரட்டை அடிப்போரும் விரும்பி ஏறும் அரியணை அது. எங்கள் வகுப்பில் அந்த அரியணையில் அமர்ந்திருந்தவர்கள் ஒரு குறும்பும் செய்து நாம் கண்டதில்லை. எழுப்பிக் கேட்டாலன்றி வாய் திறவாதவர்கள். பெயர் மட்டும் மாப்பிள்ளைப் பெஞ்சு!

தமிழில் 'வகுப்பு' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, தோழர்கள் அறிவீர்கள். ஆசிரியர் பாடம் சொல்லும் வகுப்பு ஒன்று. பிறப்பால் வந்ததாகச் சொல்லும் வகுப்பு மற்றொன்று. வகுப்புவாரி உரிமைக்காக நம் முன்னோர் போராடியது இந்த இரண்டாவது வகுப்பு முதல் வகுப்பின் கதவை அடைத்து நின்றதால் அன்றோ? 1921-இலும் 1928-இலும் வந்த ஆணைகள் கதவைத் திறந்தன. 1951-இல் நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றபோது, கிளர்ச்சி எழுந்து, அந்த ஆண்டே அரசியல் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டது. எல்லாம் சரி. கதவு திறந்தது, பிள்ளை உள்ளே வந்தது. வந்த பிள்ளை எங்கே உட்கார்ந்தது என்று பார்த்தவர் சிலரே.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால், வானம் தெளிவாயிருக்கும் நாளில் செஞ்சிப் பக்கத்துக் குன்றுகள் நீலமாய்த் தெரியும். அந்தக் கோட்டையிலே அமர்ந்தவர் எத்தனை பேர்! நாயக்கர் அமர்ந்தனர். 1649-இல் பீசப்பூர்ப் படை பிடித்தது. 1677-இல் சிவாசி பிடித்தார். 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். கோட்டையின் இருக்கை இத்தனை முறை கைமாறிற்று. எங்கள் கடைசிப் பெஞ்சு ஒருமுறையும் மாறவில்லை. ('ப' வடிவம் பற்றிய பேச்சு எழுந்த அதே சூலையில்தான் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மகிழ்ச்சியே. நினைவுச் சின்னமாக வேண்டியது இன்னொன்றும் உண்டு. அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.)

சாத்தாராவிலே சிறுவர் அம்பேத்கர் பள்ளிக்குச் சென்ற கதையை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். மற்றவர் அமரும் இடத்தில் அமரக்கூடாது. தனியே ஒரு சாக்குத் துணி. பள்ளியைப் பெருக்கும் பணியாளும் அதைத் தொடமாட்டார். ஆகவே மாலையில் அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குச் செல்ல வேண்டும், காலையில் மீண்டும் சுமந்து வரவேண்டும். சிலேட்டோடு இருக்கையையும் சுமந்து சென்ற பிள்ளை! நம் பக்கத்திலேயே சேரன்மாதேவிக் குருகுலம் இருந்தது. தேசத்தின் பெயரால் பணம் திரட்டி, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் இராமசாமியாரின் மகன் அங்கே பயின்றார். அவர் வாயிலாகவும் அந்தச் செய்தி வெளிப்பட்டது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய கேள்விகளால் நாடே குலுங்கியது.

கடல் கடந்தும் ஒன்றைக் காண்போம். அமெரிக்காவில் ஒக்லகோமாப் பல்கலைக்கழகம். ஜார்ஜ் மெக்லாரின் என்ற கறுப்பர், அறுபது வயதைக் கடந்தவர், ஆசிரியராயிருந்தவர், மேற்படிப்புக்குச் சேர்ந்தார். சட்டத்துக்கு அஞ்சிச் சேர்த்துக்கொண்டவர்கள், வகுப்புக்குப் பக்கத்துச் சிற்றறையிலே அவரை அமர்த்தினார்கள். அங்கிருந்தபடியே பாடம் கேட்கலாமாம்! பின்னர் உள்ளே விட்டு, அவர் இருக்கையைச் சுற்றிக் கம்பி அடைத்து, கறுப்பருக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதி வைத்தார்கள். நூலகத்தில் தனி மேசை. உணவுக்கூடத்தில் தனி மேசை. 1950 சூன் 5-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது செல்லாதென்றது. அத்தீர்ப்பிலே ஒரு கருத்து நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. அரசு போட்ட தடையை எடுத்தாலும் மக்கள் மனத்தின் வெறுப்பு போய்விடாது. ஆனால் உடன் பயில்வோரின் நட்பைத் தம் தகுதியால் பெறும் வாய்ப்பையேனும் அரசு பறிக்காதிருக்கும் என்றார்கள்.

நன்று. அங்கே கம்பி இருந்தது, அறுத்தார்கள். எங்கள் வகுப்பில் கம்பியே இல்லையே! அறுப்பதற்கு எதைத் தேடுவது?

ஏழாம் வகுப்பில் கணக்கு ஆசிரியர் ஒருவர் புதிதாய் மாற்றலாகி வந்தார். வந்த மூன்றாம் நாள், "வருகைப் பதிவு எடுப்பது எளிதாயிருக்கும்" என்று சொல்லி, பெயரின் முதலெழுத்து வரிசையில் எங்களை உட்கார வைத்தார். அதுதான் காரணமோ, வேறு எண்ணம் இருந்ததோ, அவர் சொன்னதில்லை. சொற்பொழிவும் ஆற்றவில்லை. மாப்பிள்ளைப் பெஞ்சுத் தோழர் ஒருவரின் பெயரும் நம் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கின. மூன்றாவது பெஞ்சில் இருவரும் அருகருகே அமர்ந்தோம்.

முதல் சில வாரங்கள் அவர் பெஞ்சில் முழுதாக உட்காரவில்லை. பாதி உடல் பெஞ்சில், ஒரு கால் வெளியே, எந்த நேரமும் எழுந்துபோக அணியமானவர் போல. நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்தச் சாண் மெல்ல மெல்லச் சுருங்கிற்று. பின்னக் கணக்கிலே அவர் மன்னர். நமக்கோ பின்னம் என்றாலே பேதி. நம்மிடம் வடிவியல் பெட்டி இருந்தது, அவரிடம் இல்லை. கவராயம் அங்கே போயிற்று. விடை இங்கே வந்தது. ஒரே வயது, ஒரே பெஞ்சு. ஆயினும் அவர் நம்மை 'நீங்க' என்றே அழைத்தார். நாம் 'நீ' என்றோம். அது தவறென்று அன்று நமக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் மாலை, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா கேட்டாள்: "ஏண்டா, பள்ளிக்கூடத்துல யாரு பக்கத்துல குந்துற?" ஊரிலே யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாம் என்ன விடை சொன்னோம்? கடைக்காரர் மகன் பெயரைச் சொன்னோம். அடியும் விழவில்லை, மிரட்டலும் இல்லை. கேட்டவுடன் பொய் வந்தது, அவ்வளவுதான். ஆயா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா படி" என்றாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்த ஆசிரியர் வேறூருக்கு மாற்றப்பட்டார். விடுமுறை கழிந்து பள்ளி திறந்த காலை. வகுப்பில் ஆசிரியர் இல்லை. ஒவ்வொருவராய்ப் பையை எடுத்துக்கொண்டு பழைய இடம் தேடினர். நாமும் பையை எடுத்தோம். எடுத்துத் திரும்பிப் பார்த்தால், பக்கத்து இடம் ஏற்கெனவே வெறுமையாக இருந்தது. அவர் நமக்கு முன்பே எழுந்து கடைசிப் பெஞ்சுக்குப் போயிருந்தார். அப்போது நமக்கு உண்டான உணர்ச்சி நிம்மதி. வேறு சொல் சொன்னால் அது பொய்.

2023 ஆகத்தில் நாங்குநேரியில், பள்ளி மாணவர் ஒருவரை உடன் பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு வேண்டாம். வருகைப் பதிவேட்டில் சாதியைக் காட்டும் குறிப்பு வேண்டாம். உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் எல்லோர் முன்னும் அறிவிக்க வேண்டாம் என்றெல்லாம் கூறிய அந்த அறிக்கை, மாணவரை அகரவரிசைப்படியே அமர்த்த வேண்டும் என்றும் கூறிற்று. அதைப் படித்தபோது பெயர் தெரிந்த அந்தக் கணக்கு ஆசிரியரின் முகம் நம் கண்முன் நின்றது.

"விரும்பிய இடத்தில் அமரும் உரிமையைப் பிள்ளைகளிடமிருந்து பறிப்பதா?" என்று கேட்கும் நல்லவர்களைக் கண்டிருக்கிறோம். ஐயா, நாங்கள் விரும்பித்தான் அமர்ந்தோம்! அந்த விருப்பத்தைத் தந்தது யார்? தாழ்வாரத்துத் தனிக் குவளை தந்தது. ஆயாவின் கேள்வி தந்தது. அகரவரிசைக்கு ஆயா இல்லை. அது தமிழ்நாட்டிலே இவ்வளவு குருடாயிருப்பதற்கும் காரணம் உண்டு: 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரின் சாதி வாலை வெட்டச் சொல்லித் தீர்மானித்தது, தலைமுறை தலைமுறையாய் மக்கள் வெட்டினார்கள். வாலோடு கூடிய பெயர்களாயிருந்தால், வரிசையில் அமர்த்திய நொடியிலேயே வருகைப் பதிவு ஊரைப் படம்பிடித்துக் காட்டியிருக்கும்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மணி அடித்தவுடன் பிள்ளைகள் தெருவுக்குத்தான் திரும்புகிறார்கள். எங்கள் ஆசிரியரின் வரிசை அரையாண்டுகூட முழுதாய் நிற்கவில்லை. அவர் போனதும் போயிற்று. ஒரு மனிதரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்ததால் போயிற்று. ஆணையாய் இருந்திருந்தால் நின்றிருக்கும் என்பது நம் கருத்து.

அண்மையில் திருவண்ணாமலையிலிருந்து அவலூர்பேட்டை வழியே செல்லும் பேருந்தில் அவரைக் கண்டோம். தலை நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை. பக்கத்தில் இடம் இருந்தது, அமர்ந்தோம். அந்தக் கணக்கு ஆசிரியரைப் பற்றி நெடுநேரம் பேசினோம். கேட்கத் துணிவு வர மேலும் ஒரு நிறுத்தம் ஆயிற்று.

"அன்னைக்கு ஏன் எனக்கு முன்னாடியே எழுந்து போயிட்டீங்க?"

அவர் சன்னல் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுந்து போறத நான் பாக்க வேணாம்னுதான்."

நடத்துநர் வந்தார், சீட்டு வாங்கினோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவரே தம் பேத்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் வகுப்பாம். எந்தப் பெஞ்சு என்று கேட்டோம். முதல் பெஞ்சாம், கண் பார்வை கொஞ்சம் குறைவு, முன்னாலே உட்கார வைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.