பின்னாமல் விட்ட கண்ணி

கலை என்றாலே அது நமக்குக் கைவராது என்று ஒதுங்கி நிற்போர் நம்மிடையே பலர். பல வண்ணங்கள் மிளிரும் கம்பளிச் சட்டையொன்றைக் காண்போர், அதைப் பின்னியவரின் பத்து விரல்களிலும் வித்தை இருக்கவேண்டும் என்றே எண்ணுவர். என்னிடம் இருந்த வித்தைகளோ மூன்றே. கண்ணியை நேராகப் பின்னுவேன்; புரட்டிப் பின்னுவேன்; பின்னாமலே ஓர் ஊசியிலிருந்து மறு ஊசிக்கு மாற்றிவிடுவேன். இம்மூன்றையும் நம்பியே என் மகளுக்கு ஒரு சட்டை பின்னத் துணிந்தேன்.

வெயில் காயும் மலேசியாவில் கம்பளிச் சட்டை எதற்கு என்று சிலர் வினவலாம். கேமரன் மலையில் வளர்ந்தவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். 1885-ஆம் ஆண்டில் அம்மலைப்பகுதியை அளக்கச் சென்ற வில்லியம் கேமரனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், இரவுக் குளிர் எலும்பைத் தொடும். அங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய உழைப்பில் தமிழரின் பங்கு பெரிது. என் அம்மாவும் அங்கே கொழுந்து பறித்தவர்தாம். பொழுது சாய்ந்தபின் லயத்து வாசலில் அமர்ந்து எங்களுக்காகப் பின்னுவார். அவர் மறைந்தபோது எஞ்சியிருந்தவை, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பதினொரு நூல் உருண்டைகள். ஒவ்வொன்றும் ஒரு வண்ணம். ஒன்றுகூட ஒரு கைக்குப் போதாது.

மேற்படிப்புக்காக ஸ்காட்லாந்து செல்லவிருந்த என் மகள், “கடையில் வாங்கவேண்டாம் அம்மா, பாட்டியின் நூலிலேயே ஒன்று பின்னித் தாருங்கள்” என்றாள். எளிய வேண்டுகோள்தான். ஆயினும் என் நெஞ்சம் தயங்கியது. அந்நூல் தீர்ந்தால் வேறு எங்கே பெறுவது? பலமுறை அவிழ்த்துப் பின்னினால் பழைய நூல் நைந்துபோகாதா?

அவள் செல்லும் நாட்டின் வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகள் பல வண்ணப் பின்னலுக்குப் பெயர்பெற்றவை. அங்குள்ள ஃபேர் ஐல் தீவின் பெயரால் வழங்கும் முறையில், ஒரே வரிசையில் இரு வண்ண நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவர். பின்னாத நூல் துணியின் பின்புறமாக ஓடிக்கொண்டிருக்கும். அதை அதிகம் இழுத்தால் துணி சுருங்கும். தளர விட்டால் தொங்கும். பழகிய கைகளுக்கே அது அடங்கும். என் கைகளுக்கு உகந்தது கண்ணியை விட்டுப் பின்னும் முறை. அமெரிக்காவைச் சேர்ந்த பார்பரா வாக்கர், இம்முறையின் ஒரு வகைக்கு ‘மொசைக்’ எனப் பெயரிட்டு 1976-இல் தனி நூலே எழுதினார்.

அதன் சூட்சுமம் மிக எளிது. ஒரு வரிசையில் ஒரே வண்ணந்தான். சாம்பல் நிறத்தில் இரண்டு வரிசைகள். பின்னர்ச் சிவப்பில் இரண்டு வரிசைகள். சிவப்பு நூலால் பின்னும்போது, குறித்த இடங்களில் உள்ள சாம்பல் கண்ணிகளைப் பின்னாமல் மறு ஊசிக்கு மாற்றிவிடவேண்டும். அவை கீழிருந்து மேலே நீண்டு, சிவப்பின் நடுவே சாம்பல் கோடுகளாக எழுந்து நிற்கும். அவ்வேளையில் நூல் எப்போதும் துணியின் உட்புறத்திலேயே இருக்கவேண்டும். இரண்டு வரிசை முடிந்ததும் நூல் தொடங்கிய ஓரத்திற்கே திரும்பிவிடுவதால், அடுத்த வண்ணத்தை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். காண்போருக்கோ ஒரே வரிசையில் இரு வண்ணங்கள் கலந்தன போலத் தோன்றும்!

சாம்பல் நூலை மட்டும் புதிதாக, அம்மாவின் நூலின் பருமனிலேயே வாங்கினேன். முதலில் அந்த நூலில் மட்டும் உள்ளங்கையளவு பின்னி அளந்து பார்த்தேன். கண்ணிகளை விட்டுப் பின்னும் துணி அடர்ந்து, உயரத்தில் குறுகும். ஆதலால் வரிசைகள் கூடுதலாக வேண்டும். முன்புறம், பின்புறம், இரு கைகள் எல்லாம் நேரான துண்டுகளே. வளைவு நெளிவு ஏதுமில்லை.

பின்னப் பின்ன ஓர் உண்மை புலனாயிற்று. அழகைத் தந்தவை நான் பின்னிய கண்ணிகள் மட்டுமல்ல. பின்னாமல் விட்ட கண்ணிகளுந்தாம். எனினும் விடுவதற்கும் ஓர் அளவு உண்டு. ஒரே கண்ணியைப் பல வரிசைகள் தொடர்ந்து விட்டால் அது இழுபட்டுத் துணியையே சுருக்கிவிடும். இரண்டு வரிசை காத்திருந்த கண்ணியை மூன்றாம் வரிசையில் ஊசி தேடி வந்து சேர்த்துக்கொள்ளவேண்டும். வகுப்பறையில் முப்பதாண்டுகள் நின்றவளுக்கு இது புதிய பாடமா? சில பிள்ளைகளை உடனே எழுப்பி விடை கேட்கலாகாது. சற்றே விட்டுவைத்தால் தாமே நிமிர்ந்து எழுவர். ஆனால், விட்டோமே என்று மறந்துவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. சொற்கள் நூறே அறிந்த மாணவனும், அவற்றை இடமறிந்து வைத்தால் நல்ல கட்டுரை எழுதிவிடுவான்.

இரண்டாம் கையின் நடுவே அம்மாவின் மஞ்சள் நூல் தீர்ந்தது. அவ்விடத்தில் பச்சையைத் தொடர்ந்தேன். இரு கைகளும் ஒன்றுபோல் இல்லை. மகள் அணிந்து பார்த்து, “பாட்டி எங்கே முடித்தார் என்று இந்தக் கை சொல்கிறது” என்றாள்.

எஞ்சிய சில முழ நூலையும் ஓர் ஊசியையும் அவளுடைய பெட்டியில் வைத்து அனுப்பினேன். குளிர்நாட்டில் சட்டை எங்கேனும் கிழிந்தால், தைத்துக்கொள்ள அந்த நூலே வேண்டுமல்லவா?