ஓசி டிக்கெட்டில் வியன்னா!

'ஓசியிலே யூரோப் போறியாமே?' ஆபீஸ்ல எல்லோரும் கேட்கிறாங்க. பாதிதான் உண்மை பாஸ்!

மூணு வருஷமா வேலைக்காக ஊர் ஊராகப் பறந்தும், கிரெடிட் கார்டு தேய்ச்சும் சேர்த்த பாயின்ட்ஸில் ரெண்டு டிக்கெட் தேறுச்சு. எனக்கும் அம்மாவுக்கும். ஏர் இந்தியா 2014-ல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்ததால், அந்த பாயின்ட்ஸில் ஆஸ்திரியன், லுஃப்தான்ஸா விமானங்களிலும் சீட் தேடலாம். ஆனா, வரியெல்லாம் கைக்காசு. ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

லீவு போட்டுட்டு சீட் தேடினா கிடைக்காது. சீட் கிடைக்கிற தேதிக்கு லீவு போடணும், அவ்ளோதான் சூட்சுமம்!

ஏன் வியன்னா? வீட்டிலேயே வயலின் சொல்லித்தர்ற அம்மாவுக்கு மோட்சார்ட் வாழ்ந்த வீட்டைப் பார்க்கணும். 1784 முதல் 1787 வரை அவர் குடியிருந்த டோம்காஸே வீடு இன்னிக்கு மியூசியம். 'அப்புறம் பார்த்துக்கலாம் கண்ணா'னு அம்மா தள்ளிக்கிட்டே வந்தாங்க. பாயின்ட்ஸுக்கு மட்டுமா எக்ஸ்பயரி டேட்? அம்மாவோட முழங்காலுக்கும் இருக்கே! அதனாலேயே ட்ராம் ஓடுற ரூட்டா பார்த்து ரூம் போட்டிருக்கேன்.

நேத்து அம்மா தன் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சொல்லிட்டாங்க: 'ஒரு வாரம் கிளாஸ் கிடையாது!' 25 வருஷத்தில் இதுதான் முதல் லீவு.