வழியில் தங்கிய இரவு

மகாளய அமாவாசையன்று பத்ரியில் பிரம்மகபாலத்தில் தந்தையாருக்குப் பிண்டம் இட வேண்டுமென்று, தாயாருடன் ரிஷிகேசத்திலிருந்து காரில் புறப்பட்டேன். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகராகிய தேவப்பிரயாகையில், பாகீரதியும் அளகநந்தையும் கூடிக் கங்கையெனப் பெயர்பெறும் துறையில், இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு நீராடினோம்.

ஸ்ரீநகரை அடைந்தபோது, மேலே மண்சரிவு என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். (காஷ்மீரத்து ஸ்ரீநகர் அன்று, கார்வால் அரசர்களின் பழைய தலைநகர். இன்று பல்கலைக்கழகம் உள்ள ஊர்.) பத்ரிக்கு இன்னும் ஏறத்தாழ 190 கிலோமீட்டர், மறுநாளே அமாவாசை. விடுதிகளில் இடமில்லை. நான் ஓட்டுநர்மீது காரணமின்றிச் சினந்தேன். தேநீர்க்கடையில் நின்ற மாணவர் இருவர், தாயார் குளிரில் நடுங்குவதைக் கண்டு, தங்கள் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு எங்கோ சென்றனர்.

விடியற்காலையில் தாயார், "பத்ரிநாதன் சந்நிதியைத் தொட்டு வரும் நீர்தானே இது? இங்கேயே தர்ப்பணம் செய்" என்றார். அளகநந்தைக் கரையில் எள்ளும் நீரும் இறைத்தேன். அந்த மாணவர்களுக்கு அன்று தேர்வு என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். தலை குனிந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பாதை திறந்தது. பிரம்மகபாலத்தில் பிண்டமும் இட்டேன். சந்நிதியில் தாயார் தமக்கென ஒன்றும் வேண்டவில்லை; இரண்டு துளசி மாலைகளைக் கேட்டுப் பெற்றார். திரும்புகையில் அறை பூட்டியிருந்தது. மாலைகளைக் கதவின் கைப்பிடியில் கட்டிவிட்டு வந்தோம்.