எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் ‘ஏன்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஏன் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, ஏன் பட்டா மாறவில்லை, ஏன் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு எனக்குக் கொடுக்கவில்லை. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ‘ஏன்’ என்பதற்கு இடமில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். “அப்புறம் அது என்ன சார் சட்டம்?” என்று எழுந்து போனவர்களும் உண்டு.

அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற காகிதத்தைப் பார்க்கவும் நகல் வாங்கவும்தான் 2005 சட்டம் வழி செய்கிறது. இல்லாததைப் புதிதாகத் தயாரித்துத் தரவோ, இருப்பதற்கு வியாக்கியானம் சொல்லவோ தகவல் அலுவலர் கடமைப்பட்டவர் இல்லை என்பதை 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி, வந்தவரின் ஆத்திரத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, அதற்கு உரிய காகிதம் எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டில் இருக்கும் என்று யோசிப்பதுதான். பதிவேட்டின் பெயர் தெரிந்துவிட்டால் மனு நான்கு வரியில் முடிந்துவிடும்.

எனக்கு அது கொஞ்சம் சுலபம். வருவாய்த் துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் ஒரு மனு உள்ளே போன பிறகு என்ன ஆகும் என்று தெரியும். தபாலைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றி, உரிய இருக்கைக்கு அனுப்புவார்கள். அந்த இருக்கைக்காரர் அதைத் தன் தன்பதிவேட்டில் பதிய வேண்டும். எந்தத் தேதியில் வந்தது, யார் கொடுத்தது, என்ன பொருள், விசாரணைக்கு யாருக்குப் போனது, எப்போது திரும்பியது, எப்படி முடிக்கப்பட்டது என்று எல்லாம் அந்தப் பதிவிலேயே இருக்கும். அரசுக் கடிதத்தின் தலையில் ந.க.எண் 4521/2023/அ3 என்று இருந்தால், கடைசியில் உள்ள அ3 அந்த இருக்கை. பலர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. நான் கடிதத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்த ஓர் அம்மா வந்தார். “ஏன் தம்பி எனக்கு மட்டும் வரல? அதை நல்லா காரமா கேட்டு எழுது” என்றார். காரம் எதுவும் சேர்க்கவில்லை. இன்ன தேதியில் கொடுத்த என் மனு பதிவான தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அந்த மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல், விசாரணை அறிக்கையின் நகல், இம்மூன்றும் வேண்டும் என்று எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுத்தேன். “இவ்வளவுதானா?” என்று சந்தேகமாகத்தான் வாங்கிப் போனார். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலர் வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போனார். உதவித்தொகை ஆணையும் வந்தது. கேட்ட நகல்கள் மட்டும் வரவே இல்லை. மேல்முறையீடு செய்யலாம் அம்மா என்றேன். “காசு வந்துருச்சு, காகிதம் எதுக்கு தம்பி?” என்று சிரித்தார். இப்படி நடப்பது அடிக்கடி உண்டு. தன்பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருப்பது வெளியே தெரியப்போகிறது என்றால், முதலில் கட்டத்தை நிரப்பத்தான் யாருக்கும் கை போகும்.

கடிதத்தின் எண்ணிலேயே இன்னொன்றும் தெரியும். கோப்பை முடிக்கும்போது ஓ.மு., மூ.மு., ப.மு. என்று போடுவார்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. அவ்வளவு காலம்தான் அந்தக் கோப்பு வைக்கப்படும், பிறகு அழித்துவிடலாம். உங்கள் மனுவுக்கு வந்த பதிலில் ஓ.மு. என்று இருந்தால் ஆற அமர யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நாற்பது கேள்வி கேட்டு, ஒவ்வொன்றிலும் பிரிவு எண்ணைப் போட்டு, தாமதித்தால் பிரிவு 20-இன்படி நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் என்று மிரட்டி எழுதும் ஒரு பாணி இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாற்பதில் முப்பதுக்கு ‘தகவல் இல்லை’ என்று எழுதி, மீதியை வேறு அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டு, கோப்பை முடித்துவிடுவார்கள், அதுதான் அதற்கு முடிவு. கேட்டது மூன்றே காகிதம், மூன்றுக்கும் பெயர் இருக்கிறது என்றால் தப்பிக்க வழி குறைவு.

நகலைவிட நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. பிரிவு 2(ஞ)-இல் ஆவணங்களையும் பணிகளையும் பார்வையிடும் உரிமையே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. கோப்பைக் கையில் வாங்கிப் புரட்டினால்தான், நாம் கேட்கத் தெரியாமல் விட்ட காகிதமும் கண்ணில் படும். நகலாக வருவது அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது.

ஆனால் எல்லாக் காகிதத்தையும் தனி ஆளாகப் படித்துப் புரிந்துகொண்டுவிட முடியாது. ஓர் ஊராட்சியில் போட்ட சிமென்ட் சாலைக்கான அளவீட்டுப் புத்தகத்தின் நகல் வாங்கினோம். எம்-புக் என்பார்கள். நீளம் 120 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர் என்று பொறியாளர் அளந்து எழுதிய பக்கம். ஒப்பந்தக்காரருக்குப் பணம் போவது அந்தப் பக்கத்தை வைத்துத்தான். என் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. கிராம சபையில் அதை ஒருவர் உரக்கப் படித்தார். “120 மீட்டர்னா எங்கேருந்து எங்கே?” என்று கேட்டார் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர். டேப் பிடித்தார்கள். கோயில் முனையிலிருந்து பம்ப் அறை வரை புதுச் சாலை. அதற்கு அப்பால் இருந்தது பழைய சாலை. அதையும் சேர்த்தால்தான் 120 வந்தது. பழைய சாலை எது, புதுசு எது என்று அங்கே குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தானே தெரியும்.

ராஜஸ்தானில் அருணா ராயும் நிகில் தேயும் சங்கர் சிங்கும் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் செய்ததும் இதுதான். பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பட்டியலையும் ரசீதுகளையும் ஊர் நடுவே வாசித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்ததை ஊராரே சொன்னார்கள். நகல் கேட்பது ஓர் உரிமையாக வேண்டும் என்று 1996-இல் பியாவரில் தர்ணா இருந்ததும் அந்தத் தொடர்ச்சியில்தான். நம் தமிழ்நாடு 1997-லேயே, மற்ற மாநிலங்களுக்கெல்லாம் முன்பாக, தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டது என்பது பலருக்குத் தெரியாது. அலுவலகத்தில் இருந்த எங்களுக்கே சரியாகத் தெரியாது. விலக்குகள் நிறைந்த சட்டம் அது. கேட்டு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கிராம சபையிலும் கவனிக்க வேண்டியது காகிதம்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த கூட்டங்களோடு இப்போது மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்திருக்கின்றன. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், அதாவது குறைவெண், மக்கள்தொகைக்கேற்ப 50-இலிருந்து 300 பேர் வரை. வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தக் கையெழுத்து நீங்கள் வந்ததற்குத்தான், தீர்மானத்துக்குச் சம்மதம் சொன்னதற்கு இல்லை. மேலிருந்து வந்த கூட்டப்பொருளை ஊராட்சிச் செயலர் வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல் இருங்கள் என்பதுதான் நான் சொல்வது. உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அங்கேயே திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லி, பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை, சிரித்த முகத்தோடே கேட்கலாம்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். பிரிவு 8(1)(ஞ)-இன்படி தனிநபர் தகவலை மறுக்கலாம் என்பது முன்பும் இருந்ததுதான். ஆனால் அந்தத் தகவலுக்குப் பொதுக் காரியத்தோடு தொடர்பு இல்லாமலிருக்க வேண்டும், அல்லது அந்தரங்கத்தில் தலையிடுவதாக இருக்க வேண்டும், பொதுநலன் பெரிதென்றால் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே இருந்தன. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. நூறு நாள் வேலைப் பட்டியலில் பெயரை மறைத்துவிட்டு நாளையும் தொகையையும் மட்டும் கொடுத்தால், இறந்துபோனவர் வேலைக்கு வந்தாரா என்று எந்த ஊரார் சொல்ல முடியும்?

வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. பொதுநலன் பெரிதென்றால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிற பிரிவு 4-உம் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் கேட்கும் மனுக்களில் இந்த இரண்டையும் சேர்த்து, இன்ன கிராம சபையில் வாசித்துச் சரிபார்ப்பதற்காக என்றும் எழுதுகிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) சொல்கிறது, எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். சில அலுவலகங்கள் பட்டியலைக் கொடுக்கின்றன. சில அலுவலகங்கள் 8(1)(ஞ) என்று ஒரே வரியில் மறுக்கின்றன. அந்த மனுக்களெல்லாம் இப்போது மேல்முறையீட்டில் இருக்கின்றன.