பெரியவனின் கணக்கு

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கச்சிக்கு,

  

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கம்பெனியில் டீ நேரம் முடிந்துவிட்டது. "பால், காய்ச்சல், டாக்டர்னு இப்பவே கையைக் கடிக்குதுக்கா. புள்ளைங்க பெரிசாயிட்டா செலவு குறைஞ்சிரும்ல?" என்று கேட்டாய். "குறையாது கண்ணு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது உன்னைப் பயமுறுத்தியிருக்கும். அதனால்தான் லீவு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வீட்டில் நாலாவது படிக்கிற சின்னவளும் இருக்கிறாள், பதினோராவது படிக்கிற பெரியவனும் இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சனிக்கிழமைச் சம்பளம். அதனால் வித்தியாசம் தினமும் கண்ணில் படுகிறது.

முதலில் சாப்பாடு. மூன்று டம்ளர் ரேஷன் அரிசி ஊறப்போட்டு ஆட்டினால் முன்பு மூன்று நாள் வரும். இப்போது இரண்டாம் நாள் காலையிலேயே பாத்திரத்தை வழிக்கிறேன். பள்ளிவிட்டு வந்ததும் ஒருமுறை சாப்பிடுகிறான், டியூஷன் முடிந்து வந்து மறுபடியும் தட்டை எடுக்கிறான். முதலில் எனக்கே மலைப்பாக இருந்தது. அவன்தான் ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பட்டியலை எடுத்துக் காட்டினான். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,700 கலோரி. பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பையனுக்கு 3,320. நடுத்தர உழைப்பு செய்கிற ஆணுக்கே 2,710தான். பவர் டேபிளில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வருகிற உன் மாமாவைவிட அவனுக்குத்தான் அதிகம் வேண்டும். எலும்பு வளர்கிற பசி அது. அதைப் பெருந்தீனி என்று நினைத்துவிடக் கூடாது.

பசி ஏறுகிற அதே வயதில்தான் சலுகைகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. சின்னவளுக்கு அரசுப் பள்ளியில் காலை உணவு கிடைக்கிறது. அது ஐந்தாவது வரைதான். இலவசச் சீருடை எட்டாவது வரை, சத்துணவு பத்தாவது வரை. பதினோராவதில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள், பாடப்புத்தகமும் கொடுக்கிறார்கள். அது பெரிய உதவி. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு இப்போது நான்தான் காலையில் டப்பா கட்ட வேண்டும். பஸ்ஸிலும் அப்படித்தான். உன் குட்டிப் பையனுக்கு ஐந்து வயது வரை டிக்கெட்டே இல்லை, பாப்பாவுக்குப் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். பெரியவனோடு ஊருக்கு வந்தால் முழு டிக்கெட்.

துணிமணி வேறு. உன் பாப்பாவின் பாவாடையை மடிப்பு விட்டுத் தைத்தால் இரண்டு வருஷம் வரும். அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆகும். பெரியவனின் பேன்ட்டில் நான் விட்ட மடிப்பு போன வருஷம் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே தீர்ந்துவிட்டது. செருப்பு தேய்வதற்குள் கால் வளர்ந்துவிடுகிறது. கணக்கு டியூஷன், இயற்பியல் டியூஷன், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, முகப்பரு களிம்பு, முடிவெட்டு எல்லாம் சேருகிறது. போன் ரீசார்ஜ் 28 நாளைக்கு ஒருமுறை. "மாசக் கணக்கு இல்லம்மா, வருசத்துக்குப் பதிமூணு தடவை கட்டறோம்" என்று கண்டுபிடித்துச் சொன்னவனும் அவன்தான்.

இதை எழுதிவிட்டு உன் கஷ்டத்தைச் சின்னதாக்க மாட்டேன். சின்னப் பிள்ளைகள் கேட்பது நம் நேரத்தை. பெரியவன் பிறந்தபின் மூன்று வருஷம் நான் வேலைக்குப் போகவில்லை. அந்தச் சம்பளமெல்லாம் இவனை வளர்த்த செலவுதான், யாரும் நோட்டில் எழுதவில்லை என்பதால் அது செலவில்லை என்றாகாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சலோடு ஓடுகிற உன் ஓட்டத்தை நான் மறக்கவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைக்குப் புதுச்சட்டை அடுத்த மாசம் என்று சொல்லித் தள்ளிப்போடலாம். இந்த வயதுப் பிள்ளையின் தேவையைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் அவனே மறைத்துவிடுவான். உன்னிடம் சொல்ல நினைத்தது இதைத்தான்.

போன தீபாவளிக்கு "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, தங்கச்சிக்கு மட்டும் எடுங்க" என்றான். பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டேன். பிறகு பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது பி.டி. சார் கூப்பிட்டார். "குறுவட்ட வாலிபால் டீம்ல அவன் பேர் இருந்துச்சு. கால் வலின்னு சொல்லி நின்னுட்டான். இப்ப சரியாயிடுச்சா?" என்றார். அவனுக்குக் கால் வலியே வரவில்லை. விளையாடப் போக ஷூ இல்லை. கேட்டால் நாங்கள் எங்கே போவோம் என்று அவனே முடிவு செய்து, அந்த ஆசையை மூடி வைத்துவிட்டான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்தது. மிச்சமானது என்று நான் நினைத்த பணமெல்லாம் அவன் கேட்காமல் விட்டதுதான்.

அந்த வாரம்தான் இன்னொன்றும் தெரிந்தது. மே மாச லீவில் பனியன் கம்பெனிக்குப் போகலாமா என்று கூட்டாளிகளிடம் விசாரித்திருக்கிறான். இந்த ஊரில் அது சுலபம். கை மடிக்க, பீஸ் அடுக்க என்று கூப்பிடுவார்கள். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஜூனில் பள்ளிக்குத் திரும்பாததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உன் மாமாவே ஒன்பதாவது லீவில் அப்படி வந்து உட்கார்ந்தவர்தான். அன்று ராத்திரி அவர் மகனிடம், "நீ சம்பாதிக்க வேண்டிய வருசம் இது இல்ல சாமி" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை ராத்திரி நாங்கள் மூன்று பேரும் நோட்டை விரித்து உட்காருகிறோம். வாடகை, மளிகை, சீட்டு, டியூஷன் எல்லாவற்றையும் அவன் கையாலேயே எழுதுகிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்பதும் அதில் ஒரு வரி. எல்லாம் உடனே நடந்துவிடாது. ஷூவுக்கே ஐந்து வாரம் ஆனது. ஆனால் இல்லை என்பதை அவனோடு சேர்ந்து பார்க்கிறோம். அவன் தனியாக ஊகித்துக்கொண்டு வாயை மூடுவதில்லை.

உனக்கு இன்னும் நாலைந்து வருஷம் கையில் இருக்கிறது. பாப்பாவுக்கு எட்டு வயதுதானே? பத்து முடிவதற்குள் தபால் ஆபீஸில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கு. வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். பத்தாவது பாஸானாலோ பதினெட்டு வயதானாலோ மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். இன்னொன்று, அவள் தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. இலவச சீட்டில் படிக்கிறாள். அது எட்டாவது வரைக்கும்தான். ஒன்பதாவதில் முழு ஃபீஸும் உன் தலையில் விழும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் காலேஜில் மாசம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்கும் 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்திருக்கிறது. எந்தப் பள்ளியில் தொடர்வது என்று ஐந்தாவது முடியும்போது மாப்பிள்ளையோடு உட்கார்ந்து யோசியுங்கள். பாப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு ஏதாவது வழி பிறக்கும் கண்ணு. ஆனால் உன் பிள்ளை "பசிக்கல", "வேண்டாம்", "கால் வலி" என்று சொல்லும்போது ஒரு நிமிஷம் நின்று அதன் முகத்தைப் பார். அவ்வளவுதான் நான் கற்றது.

காலாண்டு லீவுக்கு நாங்கள் நாலு பேரும் அங்கு வருகிறோம். பெரியவனுக்கு மாவு சேர்த்து ஆட்டி வை. வாலிபாலையும் எடுத்து வருவானாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா